இருநூற்றுப் பதினாலு நாவல் பழங்கள்

கோவையில், கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் ஒரு குருவும் சீடரும் இருந்தார்கள். குரு நஸீமாவுக்கு வயது இருபத்தொன்பது. விளையாட்டுகளுக்கான இசையும் சத்தமும் அவர் பொறுப்பு. சீடர் அருமைநாயகத்துக்கு ஐம்பத்தொன்று. இருபத்தைந்து வருடம் சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்தவர். குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். யார் காலில் யார் விழுவது என்ற பிரச்சினை அங்கே எழவில்லை.

மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. இரண்டரை மாதம் ஓடிவிட்டது. அருமைநாயகம் செய்த ஒரு சத்தம்கூட இன்னும் எந்த விளையாட்டுக்குள்ளும் போகவில்லை. அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

கடைசியாக வந்த வேலை இது. ஓர் அணில் மரம் மரமாகத் தாவி நாவல் பழம் பறிக்கும். பறிக்கும்போது ஒரு சத்தம் வேண்டும்.

ஆறு நாள் மெனக்கெட்டார். மோகனத்தில் வயலின் குழைவு ஒன்று, அடியில் ஜலதரங்கம், முடிவில் சன்னமாக ஒரு மணி. மூன்று விநாடி. ஆபீசே எழுந்து கைதட்டியது. நஸீமாவும் தட்டினார்.

“அருமைங்க சார். இப்ப நீங்களே விளையாடிப் பாருங்க.”

“எனக்கு விளையாடத் தெரியாதே மேடம்.”

“அணிலுக்குத் தெரியும். நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க.”

முதல் பத்துப் பழத்துக்குச் சீடரின் முகம் மலர்ந்திருந்தது. முப்பதாவது பழத்தில் வாடிவிட்டது. ஐம்பதுக்குப் பிறகு அணில், பழமில்லாத கிளைகளாகப் பார்த்துத் தாவ ஆரம்பித்தது.

“அந்தப் பழத்தை ஏங்க சார் விட்டுட்டீங்க?”

அவர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். “மொத்தம் எத்தனை பழம் மேடம்?” என்றார்.

“இருநூத்திப் பதினாலு. இது முதல் கட்டம்தாங்க. இன்னும் பத்தொம்பது இருக்கு.”

“சினிமாவுல ஒரு தடவை வந்தா போதும்.”

“பழத்தைப் பறிச்சது யாருங்க சார்?”

“விளையாடுறவன்.”

“உங்க சத்தம் யாரைப் பாராட்டுது?”

அவருக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. இரண்டு நாள் குருவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிலோ திராட்சை வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மைக்குக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து பிய்த்தார். கிடைத்ததில் ஏழு சத்தத்தைப் பொறுக்கி, மாறி மாறி வரும்படி வைத்தார். வயலின் பெட்டியை அன்று திறக்கவே இல்லை.

ஸ்பீக்கரில் போட்டபோது ஆபீசில் ஒருவரும் தலை நிமிரவில்லை. இதுவும் தேறாது, ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

நஸீமா விளையாட உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆனது. அரை மணியும் ஆனது. மேசையில் இருந்த டீ ஆறி ஆடை படிந்தது. பக்கத்தில் நின்ற சீடர் கொஞ்சம் குனிந்து கேட்டார்.

“சத்தம் எப்படி இருக்கு மேடம்?”

நஸீமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“செத்த சும்மா இருங்க சார். இன்னும் ஆறு பழம்தான் பாக்கி.”