கல்யாணத்துக்குப் போன ஆமை

குருவைவிடச் சிஷ்யருக்கு வயது அதிகம். கோவில்பட்டியில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுக்கும் ரஹ்மத் நிஷாதான் குரு. சிஷ்யர் பூவலிங்கம், பிள்ளைகளுக்குக் கதை எழுதித் தலை நரைத்தவர். சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்திருந்தார். ஒரு பிள்ளைகூட அதை எட்டிப் பார்த்ததில்லை.

அன்று வகுப்புக்குள் நுழையும்போதே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"டீச்சர், அந்த எஸ்தர் வெப்சைட்டைப் பாத்தீங்களா? தொறந்ததும் ஒரு கிளி பறந்து வந்து பேர் கேக்குது. எனக்கு அதைவிடப் பெரிய கிளி வேணும்."

எஸ்தரும் பிள்ளைகளுக்குத்தான் எழுதுகிறார். பூவலிங்கத்துக்கு ரொம்பப் பின்னால் எழுத வந்தவர். அவர் கதையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் படம் வரைந்து அனுப்புகிறார்கள். பூவலிங்கத்துக்கு யாரும் ஒரு கோடு கிழித்து அனுப்பியதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"கிளி வச்சிரலாம் சார்" என்றார் நிஷா. "அதுக்கு முன்னாடி நீங்க ஏழு வயசுப் பிள்ளை. உங்க வெப்சைட்டுக்குள்ள வாங்க."

பூவலிங்கம் பெருமையாகத் திறந்தார்.

"முதல்ல, எனக்குப் பொன்னாடை போத்துற படம்."

"அடுத்து?"

"இன்னொரு பொன்னாடை. இது கலெக்டர் போத்துனது."

"அடுத்து?"

"என் புத்தகங்களோட அட்டை."

"பிள்ளை படிக்கக் கதை?"

"கதையை வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான் டீச்சர்! எல்லாம் நான் உயிரைக் குடுத்து எழுதுனது."

அட்டைப் படத்தைக்கூட யாரும் எடுக்க முடியாதபடி பூட்டு போட்டிருந்தார். இந்த வகுப்பில் சேர்ந்ததும் அவர் முதலில் கேட்டுக் கற்றுக்கொண்டது அந்தப் பூட்டைத்தான்.

"எஸ்தர் மேடம் வெப்சைட்ல கிளிக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"கதைங்கதான். பூட்டுமில்லை, ஒண்ணுமில்லை, எல்லாம் தொறந்து கெடக்கு."

"என்ன கதை?"

"பெருசா ஒண்ணுமில்லை. ஒரு ஆமையைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுறாங்க..."

குறை சொல்லத்தான் ஆரம்பித்தார். ஆமை கிளம்பிவிட்டது. வழியில் மழை வந்தது, ஆறு வந்தது, ஒரு நத்தை வந்து அவசரமாகப் போக வேண்டும் என்று ஆமையை முந்திப் போனது. பூவலிங்கம் எழுந்து கழுத்தை நீட்டி, நாற்காலியைச் சுற்றி நடந்தே காட்டினார். நிஷா வாய்விட்டுச் சிரித்தார்.

"போய்ச் சேந்தா, கூப்பிட்ட கல்யாணப் பொண்ணோட மகளுக்கே கல்யாணம் நடக்குது டீச்சர். ஆமைக்கு வெக்கமாப் போச்சு. வாசல்லயே நின்னுருச்சு. அந்தம்மா ஓடி வந்து, 'வாங்க வாங்க, நல்ல நேரத்துக்கு வந்தீங்க'ன்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறா. முதல் பந்தியில ஆமைக்குன்னு ஒரு இலை..."

அவர் பாதி நடையில் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இப்படி ஒண்ணு தோணலையே டீச்சர். பொறாமையா இருக்கு. படிச்சதுல இருந்து தூக்கம் வரலை."

நிஷா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"கதையை ஒண்ணு விடாமத் தூக்கிட்டு வந்துட்டீங்க சார். இப்ப எஸ்தர் மேடத்துக்கிட்ட அந்த ஆமை இல்லாமப் போச்சா?"

பூவலிங்கம் திரையைப் பார்த்தார். பூட்டிய அட்டைகளுக்கு மேலே கலெக்டர் இன்னும் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.