சேனைத் தேன்

மலையடிவாரத்து மடத்தில் மாசிலாமணிக்குப் பொறுமைசாலி என்று பெயர். பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறான். ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. கோபமெல்லாம் அவனுடைய குரு வடிவம்மைக்குத்தான். வயதில் அவனைவிட இரண்டு மூன்று வருடம் இளையவர், கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும். ஊர்க்காரர்கள் அம்மையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆறுதலுக்கு மாசிலாமணி பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அவன் சாந்தமானவனே இல்லை. விழுங்கிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். கல்யாணமாகி நாலாம் வருடம் பிறந்த ஒரே பிள்ளை, பிறந்ததும் முதல் ருசியாக நாக்கில் சேனைத் தேன் வைத்த ஒன்பதாம் நாள் குரல் ஒடுங்கிச் செத்துப்போனது. வைத்தவள் வேறு யாருமில்லை, பெற்றவள் செல்லாயிதான். "நீ தாயா, எமனா?" என்று கேட்டுவிட்டு வீட்டை விட்டு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை.

அன்றிலிருந்து தேனைத் தொடுவதில்லை. அதை விரதம் என்று ஊர் மெச்சிக்கொண்டது.

அம்மையிடம் மட்டும் நடந்ததைச் சொல்லியிருந்தான். சொன்ன அன்று கேட்ட கேள்வியை வருடத்துக்கு நாலு தரமாவது கேட்டுவிடுவான்.

"தாய்ப்பால் இருக்கறப்ப, பெத்தவ எதுக்கும்மா வேற ஒண்ண ஊட்டறா?"

"பதிலு கண்ணுல படறப்பச் சொல்றேன். இப்ப போயித் தண்ணி சேந்து," என்பார் அம்மை.

ஒரு நாள் உச்சிவேளையில் செங்கோடன் ஓடிவந்தான். பக்கத்து ஊரில் ஏரோட்டிப் பிழைக்கிறவன். தேனீ கொட்டி இடது கை பணியாரம் போல் உப்பியிருந்தது, ஒரு கண்ணே திறக்கவில்லை. வலது கையில் ஒரு சின்னக் கிண்ணம், மேலே வாழை இலை கட்டியிருந்தது.

"சாமி, பையன் பொறந்திருக்கானுங்க! விடிகாலையில. நீங்க வந்து சேனை வெக்கோணும்."

"நானா?"

"சேனை வெக்கறவங்க கொணந்தானுங்க புள்ளைக்கு வரும். எங்கப்பன் கொணம் வந்துரப்படாது, பொழுதன்னிக்கும் சண்டை. உங்க பொறுமை வரட்டும்னுதான் வந்தேன்." அம்மையை ஓரக்கண்ணால் பார்த்தான். "அம்மாவக் கூப்பிடலீன்னு தப்பா நெனைக்கப்படாதுங்க."

"நெனைக்கலே," என்றார் அம்மை. "என் கொணம் எனக்கே வேண்டாம்."

மாசிலாமணி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடிகாலையில பொறந்த புள்ள. பொழுது உச்சிக்கு வந்துருச்சு. இன்னும் பால் குடுக்கலையா?"

"நீங்க வந்து தொட்டு வெச்சப்புறந்தானுங்க எல்லாம். அப்புறமும் மூணு நாளைக்கு மொதப்பால் ஆகாது, பீச்சி உட்டரணும். அதுவரைக்கும் தேனும் சக்கரைத் தண்ணியும்."

பன்னிரண்டு வருடம் விழுங்கியது ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"எவடா சொன்னா? பெத்தவளா? வயித்துல சொமந்தவளுக்கு வாயில வெக்கத் தெரியாதா? பொம்பளையா அவ, பேயா? கொல்றதுக்குன்னே பெத்தாளா?"

செங்கோடன் இரண்டடி பின்னால் போனான். சாமியாடாதவனுக்குச் சாமி வந்தால் யாருக்குத்தான் பயமிருக்காது.

அம்மை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கெளம்பு. இந்தக் கேள்விய அவளையே கேளு."

செங்கோடன் வீட்டில் பிரசவ அறை வாசலில் பழைய சேலை ஒன்று தொங்கியது. அம்மை உள்ளே போனார். ஆண்கள் இருவரும் வெளியே நின்றார்கள். உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை வந்தது. பலமான அழுகை இல்லை, இழுத்து இழுத்துத் தேய்ந்துகொண்டே போகிற அழுகை. மாசிலாமணிக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"ஏம்மா பாவாயி! உன் புள்ள கத்தறது காதுல உழுகலையா? எதுக்கு இப்படிப் பண்றே?"

சேலைக்கு அந்தப் பக்கமிருந்து களைத்த குரல் ஒன்று வந்தது.

"பொறந்த ஒடனே வாயக் கொண்டாந்து தேடுச்சுங்க. குடுக்கட்டுமான்னு கேட்டேன். ஆகாதுன்னாங்க அத்தை. செவுத்துல பீச்சச் சொன்னாங்க, பீச்சினேன்."

"சொன்னா? உனக்கு வாயில்லையா?"

"அவரு தேனெடுக்க மலையேறிப் போயிட்டாருன்னாங்க. வந்து நின்னப்பப் பாத்தேன், கையெல்லாம் கொட்டு." குரல் உடைந்தது. "எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?"

செங்கோடன் தன் வீங்கிய கையைப் பார்த்தான்.

உள்ளே இருந்த மாமியாருக்கு ரோசம் வந்துவிட்டது. "நாங்க என்ன கெட்டதா செஞ்சுட்டோம்? மஞ்ச மஞ்சேன்னு சீழாட்டம் வருது. அதையா புள்ளைக்குக் குடுக்கறது?"

"போன மாசம் உங்க செவலை மாடு கன்னு போட்டுச்சே," என்றார் அம்மை. "மடத்துக்கு ஒரு கிண்ணம் சீம்பாலு குடுத்து உட்டீங்க. அது என்ன நெறம்?"

உள்ளே மாமியார் செம்பை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க! என்ன நெறம்? மாட்டுச் சீம்பாலுக்கு வெல்லம் தட்டிப் போட்டுக் காச்சி, எனக்கு உனக்குன்னு அடிச்சுக்கறீங்க. பொம்பளை சீம்பாலச் செவுத்துல பீச்சறீங்க. செவுத்துக்கா பசிக்குது?"

தெருவில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

அம்மையின் கை சேலைக்கு வெளியே நீண்டது.

"செங்கோடா, கிண்ணத்தக் குடு."

மாசிலாமணி பதறினான். "அம்மா! வேண்டாம்மா!"

"வாய மூடு. குடுறா."

செங்கோடன் கொடுத்தான். சேலை விலகிய இடுக்கில் மாசிலாமணி பார்த்தான். அம்மை தேனில் விரலை முக்கி எடுத்து, பாவாயியின் வாயில் வைத்தார்.

"உன் புருசன் கொட்டு வாங்கிக் கொண்டாந்தது வீணாப் போவ வேண்டாம். நீ சாப்புடு. நாக்கு வறண்டு கெடக்குது."

பிறகு குழந்தையைத் தூக்கி அவள் மார்பில் சேர்த்தார். சேலை மூடிக்கொண்டது.

அழுகை சட்டென்று நின்றது. மாசிலாமணிக்கு உயிரே நின்றது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். மெள்ள ஒரு சத்தம் கேட்டது. குழந்தை குடிக்கும் சத்தம்.

செங்கோடன் அவனிடம் கிசுகிசுத்தான். "சாமி, அப்ப பையனுக்கு யாரு கொணமுங்க வரும்?"

உள்ளேயிருந்து அம்மைதான் கத்தினார். "அவ கொணம் வரட்டுமே! அதுக்கென்ன கேடு?"

திரும்பும் வழியில் வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மை முன்னால் நடந்தார். மாசிலாமணிக்கு இன்னும் ஆறவில்லை. கோபத்துக்கு வாய் திறந்துவிட்டால் அவ்வளவு லேசில் மூடுமா?

"சரிம்மா. பாவாயிக்கு மாமியா இருந்தா, ஆகாதுன்னு சொன்னா. ஒத்துக்கறேன். என் வீட்டுல மாமியாளும் இல்ல, நாத்தனாளும் இல்ல. தடுக்கறதுக்கு ஒரு ஆளு கெடையாது. செல்லாயி எதுக்குக் குடுத்தா? இன்னிக்காச்சும் சொல்லுங்க."

அம்மை நின்றார்.

"உன் வீட்டுக்குத் தேன் எப்படி வந்துச்சு?"

மாசிலாமணி தன் கையைப் பார்த்தான். அம்மை அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நாந்தான்," என்றான். "அசல் தேன் வேணும்னு... கொல்லிமலைக்கு நடந்து போயி..."

"கை வீங்கியிருந்துச்சா?"

"ம்."

"புள்ள செத்தப்புறம், தேன் கொண்டாந்தது நீதான்னு அவ ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினாளா?"

அவன் யோசித்தான். எமன் என்று அவன் கத்திய நாளை யோசித்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்லம்மா."

அன்றைக்கு முதல் தடவையாக அம்மை அவனிடம் கோபமில்லாமல் பேசினார்.

"புள்ள செத்தப்புறமே உன்னை நோகடிக்காதவ, வீங்குன கையப் பாத்து வேண்டாம்னு சொல்லுவாளா? அதான் குடுத்தா."