வைகாசியில் வரைந்த படம்

செங்கோட்டூர் அரசர் பூபாலருக்கு ஓர் ஆசை தொற்றிக்கொண்டால் லேசில் விடாது. அந்த வருஷம் தொற்றியது முன்னேற்றம். 'நாட்டில் எந்த நிலம் எதற்கு உதவும் என்று ஆராய்ந்து சொல்லுங்கள்' என்று ஆற்றங்கரை தேசத்திலிருந்து ஆதிசேடர் என்ற பண்டிதரை வரவழைத்தார்.

பண்டிதர் வைகாசி மாதம் பல்லக்கில் புறப்பட்டார். பத்தே நாளில் திரும்பி வந்து சபையில் பெரிய படத்தை விரித்தார்.

"அரசே, தெற்கே நாற்பது கிராமம் சுத்தத் தரிசு. ஒரு பச்சை இலை கிடையாது. மக்கள் மரத்தடியில் படுத்துக் கிடக்கிறார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டு கரும்பு நட்டு ஆலை வையுங்கள்."

அரசருக்கு வாயெல்லாம் பல். "நாளை காலை முத்திரை வைக்கிறேன்!"

 சபை கலைந்ததும் வாசலில் தெற்குச் சீமைக்காரி வெயிலாள் மந்திரி திருமேனியை மறித்தாள்.

"சாமி, அது கரிசக்காடு. ஐப்பசில மழ விழுந்தா வெதப்போம். தையில வந்து பாருங்க, பருத்தியும் கம்பும் ஆள் ஒசரம் நிக்கும். இப்ப கோட உழவு ஓட்டி வெயில்ல காயப் போட்டுருக்கோம். காஞ்சாத்தான் மண்ணுக்குத் தெம்பு. அந்த ஐயா ஒரு வார்த்த கேக்கலயே! நெலம் போனா நாங்க எங்க சாமி போவோம்?"

அவள் கண் கலங்கியதைத் திருமேனியால் பார்க்க முடியவில்லை. ஆற்றங்கரை ஆசாமி! வருஷம் முழுக்கப் பச்சையையே பார்த்த கண். நிலம் ஓய்வெடுக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் அரசர் முத்திரையைக் கையில் எடுத்தார். திருமேனி எழுந்தார்.

"அரசே, பண்டிதர் கண்ணில் படாத தரிசு ஒன்றை நேற்று நான் கண்டுபிடித்தேன். படமும் வரைந்திருக்கிறேன்."

"அப்படியா! சொல்லும்!"

"விசாலமான இடம். ஈ காக்கை இல்லை. நடுவில் உயரமாக ஒரு மேடை, யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. பக்கத்தில் அடுப்புகள், ஒன்றிலும் நெருப்பில்லை. வடக்கு மூலையில் சின்னக் குன்று ஒன்று, உச்சியில் தலைப்பாகை. உள்ளேயிருந்து உறுமல் சத்தம் வருகிறது. தோண்டினால் தாது கிடைக்கலாம். மற்ற இடத்தை உழுது கரும்பு நடலாம்."

"பலே! எந்த ஊர் அது?"

"இந்தச் சபைதான் அரசே. மேடை உங்கள் சிம்மாசனம். அடுப்புகள், விருந்து முடிந்த பக்கத்து மடைப்பள்ளி. குன்று, தூணில் சாய்ந்து குறட்டை விட்ட நம் பண்டிதர்."

ஆதிசேடர் அவசரமாகத் தலைப்பாகையைச் சரிசெய்தார். அரசர் முகம் சிவந்தது.

"எப்போது பார்த்தீர்?"

"நேற்று மத்தியானம். தாங்கள் விருந்து முடித்துப் பள்ளியறையில் கண்ணயர்ந்த நேரம்."

"என்ன ஐயா இது அநியாயம்! காலையெல்லாம் உழைத்தவன் உண்டுவிட்டு ஒரு நாழிகை படுத்தால், என் சபை தரிசாகிவிடுமா?"

"அதைத்தான் அரசே, தெற்கே வெயிலாள் என்ற உழவுக்காரியின் நிலமும் கேட்கிறது. தையில் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு வைகாசியில் கொஞ்சம் படுத்திருக்கிறது."

 அரசர் படத்தைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார். பிறகு தூண்கள் அதிரச் சிரித்தார். முத்திரை பெட்டிக்குள் போயிற்று.

"பண்டிதரே, தை வரை தெற்கே வெயிலாள் ஊரில் தங்கிப் பார்த்துவிட்டு மறுபடி வரையும். அடுத்த வாரம் புறப்படலாம். திருமேனி, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"என் வீட்டுக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் ஒன்று, அரசே."

"தாழ்ப்பாளா? எதற்கு?"

"நானும் மத்தியானம் தூங்குகிறவன். பண்டிதர் இன்னும் ஒரு வாரம் ஊரில்தானே இருப்பார்!"