முடுக்குப் பக்கத்துச் சுவர்

“மூணு பக்கமும் முடிச்சாச்சும்மா. நாலாவது பக்கத்தை நெனச்சாத்தான் ரத்தம் கொதிக்கு,” என்றார் மாசிலாமணி.

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஊருக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் எல்லாம். மாசிலாமணியைவிட வயதில் ரொம்ப இளையவர். இருந்தாலும் மாசிலாமணி அவரைக் குருவாக வரித்துக்கொண்டு, வாராவாரம் வந்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் தம்பியைத் திட்டிவிட்டுப் போவார். அதைத் தியானம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்.

அப்பா காலமானதும் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மாசிலாமணிக்குத் தாத்தா கட்டிய பழைய வீடு. தம்பி தெய்வசிகாமணிக்குப் பக்கத்து வீடும், இரண்டுக்கும் நடுவில் ஓடும் முடுக்குச் சந்தும். அண்டாவுக்கு ஒரு சண்டை, குத்துவிளக்குக்கு ஒரு சண்டை. தேக்கு ஏணிக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க நடந்தது. கடைசியில் ஏணி அண்ணனுக்கு வந்தது. கோபத்தை யாரும் பிரிக்கவில்லை. அது இரண்டு பேருக்கும் முழுசாகவே வந்து சேர்ந்தது.

அன்றைக்கு நின்ற பேச்சுதான். ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால், நடுவில் ஒரு மூன்றாம் ஆளை நிறுத்தி அவரிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொள்வார்கள். பால்காரரிடம் பேசியிருக்கிறார்கள். யாரும் கிடைக்காத ஒரு நாள் தெருவில் நின்ற பசுமாட்டிடம்கூடப் பேசியிருக்கிறார்கள்.

இந்த வருஷம் வீட்டின் வெளிச்சுவரைச் சரிபண்ணி வெள்ளையடிக்க மாசிலாமணி தானே இறங்கினார். ஆள் வைத்தால் அவர்கள் வேலையைப் பார்த்துத் திட்டியே தன் ஆயுசு போய்விடும் என்பது அவர் கணக்கு. பொத்துப்போன காரையைக் கொத்தினார். விரிசலில் சாந்து திணித்தார். காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தார். மனைவி சொர்ணத்தம்மாள் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, முட்டு வலிக்கிறது என்று முனகியபடி நின்றாள். தெருப்பக்கம், கொல்லைப்பக்கம், கிழக்குப்பக்கம் மூன்றும் பளிச்சென்று ஆகிவிட்டன.

மேற்குச் சுவர் முடுக்குப் பக்கம். தெருவிலிருந்தே தெரியும்படி உச்சியில் அரசங்கன்று முளைத்து, வேர் சுவரைப் பிளந்துவிட்டது. அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் சொர்ணத்தம்மாள் படுக்கிற அறை. அறைக்குள்ளிருந்து தொட்டாலே மண்ணாகக் கொட்டுகிறது. ஐப்பசி மழை வந்தால் சுவர் நிற்காது. அது மாசிலாமணிக்கு நன்றாகத் தெரியும். முடுக்கில் நிற்காமல் அந்தச் சுவரைத் தொட முடியாது. அதுவும் தெரியும்.

“அவன் என்னைய முடுக்குல கால் வைக்க விடமாட்டான்,” என்றார்.

“கேட்டேளா?”

“அவன்கிட்டயா? நானா?”

மடத்தம்மா கீரைத்தண்டை ஒடித்தார்.

சுவர் விழவேண்டும் என்றே தம்பி காத்திருப்பதாக மாசிலாமணி சொன்னார். அரசங்கன்றுக்கு அவன் தினமும் தண்ணீர் ஊற்றுகிறான் என்றுகூடச் சொன்னார். பார்த்ததில்லை. ஆனால் ஊற்றுவான், அப்பேர்ப்பட்டவன் என்றார். பேசப்பேசக் குரல் உடைந்தது.

“ராத்திரி படுத்தா நெஞ்சு எரியுதும்மா. இந்தக் கோபம் அடங்க ஒரு மந்திரம் சொல்லுங்க.”

“சுவரைப் பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

மறுநாள் காலையில் மடத்தம்மா வந்தார். மாசிலாமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருப்பக்கத்துச் சுவரைக் காட்டினார். மடத்தம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே நடந்து, தெய்வசிகாமணி வீட்டுப் படலைத் திறந்து, முடுக்குக்குள் போய், மேற்குச் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாசிலாமணி படலோடு நின்றுவிட்டார். அதற்கு மேல் தம்பியின் மண்.

“அம்மா, வெளியே வாங்க.”

மடத்தம்மா சுவரை அண்ணாந்து பார்த்தார்.

வெயில் ஏறியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தன் குரு, தன் எதிரி இடத்தில், தன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தான் தெருவில் நிற்கிற அவமானத்தில் அவருக்குக் காதெல்லாம் சூடேறியது. அந்தச் சமயம் பார்த்துத் தம்பி பெண்சாதி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். மடத்தம்மா அதை எடுத்துக் குடித்தார்.

அதைத்தான் மாசிலாமணியால் தாங்க முடியவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“நீங்க எனக்குக் குருவா, அவனுக்குக் குருவா?”

மடத்தம்மா முகவாயால் சுவரைக் காட்டினார்.

மாசிலாமணி திரும்பினார். பாகம் பிரித்தபின் அந்தச் சுவரின் வெளிமுகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தரையிலிருந்து ஒரு ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் வரைக்கும் சாந்து பூசியிருந்தது. ஒரே தடவையில் பூசியதல்ல. ஒரு பூச்சு பழுத்துப்போயிருந்தது, ஒன்று வெளுப்பு, ஒன்று இந்த வருஷத்து ஈரம் காயாதது. அதற்கு மேலே சுவர் அம்மணமாக நின்றது. செங்கல் தெரிந்தது, விரிசல் தெரிந்தது. உச்சியில் அரசங்கன்று. யாரோ கீழே நின்று தொரட்டியால் வெட்டி வெட்டிப் பார்த்த காயம் அதன் தண்டு முழுக்க இருந்தது. வேர் மட்டும் உள்ளேயே இருந்து மறுபடி மறுபடி துளிர்த்திருந்தது.

மாசிலாமணிக்கு முன்னைவிடப் பெரிய கோபம் வந்தது.

“யாரைக் கேட்டு என் சுவத்துல கை வச்சான்னு கேளுங்கம்மா.”

தெய்வசிகாமணி பின்கட்டிலிருந்து வெளியே வந்தார். கையில் சாந்து பூசுகிற கொல்லறு. அதில் ஈரம் ஒட்டியிருந்தது.

“விழுந்தா என் தலையிலதான் விழும்னு சொல்லுங்கம்மா. ஒருத்தர் மேல பிரியப்பட்டுப் பூசல.”

“பூசினவன் உச்சி வரைக்கும் பூசவேண்டியதுதானன்னு கேளுங்க.”

“எட்டலன்னு சொல்லுங்க. ஏணிதான் பெரியவரு பங்குக்குப் போயிட்டுல்லா.”

“கேட்டா குடுத்திருக்க மாட்டனான்னு கேளுங்க.”

“இவரு முடுக்கைக் கேட்டா நான் விட்டிருக்க மாட்டனான்னு கேளுங்க.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மடத்தம்மா பக்கம் திரும்பினார்கள்.

மோர்ச்செம்பு மட்டும் இருந்தது. மடத்தம்மா தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

மாசிலாமணி முடுக்கின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். ஒரு மாடுகூட இல்லை.

மேலேயிருந்து ஒரு துண்டுச் செங்கல் பெயர்ந்து இருவருக்கும் நடுவில் விழுந்தது.

மாசிலாமணி தம்பியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். மீசை நரைத்திருந்தது. கோபத்தில் உதடு துடித்தது. அவருக்கும்தான்.

“ஏணிய எடுத்துட்டு வாரேன்,” என்று கத்தினார். “அடியைப் பிடிக்கது யாருடா?”