தாடையைத் தடவும் இடம்

"எல்லாமே சரியாத்தானே மேடம் சொன்னேன்? அப்புறம் எதுலதான் குறை?"

கேட்டே விட்டான் தணிகைவேல்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் சீனியர் இன்ஜினியர் வேலைக்கு இது அவனுக்கு ஆறாவது இண்டர்வியூ. இருந்த வேலை போய் ஏழு மாதம். இதுவும் கைநழுவினால் கோயம்புத்தூரைக் காலி செய்துகொண்டு மாமனார் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அந்தப் பயம்தான் கேட்க வைத்தது.

எதிரே மெஹருன்னிசா. இண்டர்வியூ எடுப்பவர் என்றதும் நரைத்த தலையைத் தேடாதீர்கள். முப்பத்திரண்டு வயது, அவனைவிடப் பத்து வயது இளையவள். அவனைக் கேள்வி கேட்க உட்கார்ந்தவள் அவள்தான்.

அவள் கொடுத்த புதிருக்கு விடை எழுத அவன் எழுந்து போர்டு பக்கம் போவதற்கு முன்பே, ஒரு தாளில் எதையோ எழுதிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.

'முதலில் சுற்றுவழியில் எழுதுவார். நாலாவது வரியில் நிறுத்துவார். தாடையைத் தடவுவார். ஒரு நிமிஷம் என்பார். அழித்துவிட்டுக் குறுக்குவழியை எழுதுவார்.'

ஒன்றுகூடத் தப்பவில்லை. இண்டர்வியூவில் யோசிப்பது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று பழகியதாயிற்றே. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, பாவம்.

"எப்படிங்க மேடம்?"

"இந்த வாரம் பதினோரு பேர் வந்தாங்க சார். எல்லாரும் அதே இடத்துலதான் யோசிச்சாங்க."

பிறகு வேறொன்று கேட்டாள். லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றுக்கு அவர்கள் கம்பெனி செய்துகொடுத்த மென்பொருள், செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் பத்து நிமிடம் படுத்துவிடுகிறது. மூன்று வாரமாக டீமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. காரணம் அவளுக்கும் தெரியாதாம்.

தணிகைவேலின் கை தாடைக்குப் போகப் பார்த்தது. பாதியிலேயே இறக்கிவிட்டான்.

"தெரியலீங்க மேடம்."

ஆறு இண்டர்வியூவில் இந்த வார்த்தை அவன் வாயில் வந்ததே இல்லை. போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தான்.

அப்புறம் தனக்குத்தானே கேட்பதுபோல மெல்லக் கேட்டான்.

"செவ்வாய்க்கிழமை காலைல அந்த ஆபீஸ்ல என்னதான் நடக்குதுன்னு யாராச்சும் நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

மெஹருன்னிசா பேனாவைக் கீழே வைத்தாள்.

மேஜைமேல் போன் அடித்தது. அடுத்த ஆள் வந்து வெளியே காத்திருக்கிறாராம். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள்.

எழுந்து வந்து, நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாருமே போகலை சார். எங்கிருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்க."