பின் சீட்டுக்கு ஓர் ஆள்

"மூணு வாரமாச்சும்மா. இன்னும் நீங்க எனக்கு எதுவும் கத்துக்குடுக்கல," என்றார் தில்லைநாயகம்.

செங்கமலத்தின் தலை விமானத்துக்குள் இருந்தது. கால் இரண்டும் வெளியே இருந்தன.

"டார்ச்ச இன்னுங் கொஞ்சம் இப்பிடிப் புடிங்க சார்," என்றன கால்கள்.

பிடித்தார்.

தில்லைநாயகத்துக்கு அறுபத்தொரு வயது. பொறியியல் கல்லூரியில் முப்பத்து நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். விமான ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று அவர் எழுதிய புத்தகம் நாலு பதிப்பு வந்தது. ஒரு விமானத்துக்குள் கையை விட்டு ஒரு ரேடியோவைத் தொட்டதில்லை.

செங்கமலத்துக்கு முப்பத்தைந்து. ஐ.டி.ஐ. முடித்தவள். விமான ரேடியோக்களைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் பதினான்கு வருஷமாக அவள் பிழைப்பு. புத்தகம் ஏதும் எழுதியதில்லை.

அவர்தான் சீடர்.

பல்லடத்துக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளைத் தாண்டி ஒரு பழைய ஓடுபாதை. அதன் ஓரத்துத் தகரக் கொட்டகையில் விமானம் நின்றது. ஒரு காலத்தில் ராணுவ விமானிகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த விமானம். வயது அறுபதுக்கு மேல். முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு, மூக்கில் காற்றாடி, வாலுக்கு அடியில் குட்டிச் சக்கரம்.

கேப்டன் தேவசகாயம் அதை ஏலத்தில் எடுத்து, மறுபடி பறக்கவிடப் பார்க்கிறார். அதற்கு முன்னால் உள்ளே இருக்கும் பழைய ரேடியோக்கள், திசை காட்டும் பெட்டிகள், அவற்றுக்கு மின்சாரம் தருகிற பெட்டிகள் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். அவற்றோடு பேச இப்போது உலகத்தில் யாரும் இல்லை. புது ரேடியோ டிபன் பாக்ஸ் அளவுதான்.

வெள்ளிக்கிழமை சோதனை அதிகாரி வருகிறார். சனிக்கிழமை பறக்க வேண்டும். முன் சீட்டில் கேப்டன். பின் சீட்டில் யார் என்பதை செங்கமலம் முடிவு பண்ணட்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார்.

தில்லைநாயகத்துக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

மூவாயிரம் பிள்ளைகளுக்கு விமானத்தைப் பாடமாக நடத்தியவர், பெரிய விமானத்தின் நடு சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்து டெல்லி போய் வந்ததோடு சரி. கறுப்புக் கண்ணாடி வாங்கியாகிவிட்டது. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தும் ஆகிவிட்டது.

"அந்தப் பின் சீட்டு..." என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல பழசெல்லாம் வெளிய வரட்டுங்க," என்றன கால்கள்.

*

உள்ளே வயர்கள், தூங்கி எழுந்த பிள்ளையின் தலை மாதிரி இருந்தன. அறுபது வருஷமாக ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருக்கிறான். எவனும் ஒன்றையும் எடுக்கவில்லை.

தில்லைநாயகம் கட்டரோடு வந்தார்.

"ஒரே நாள்ல எல்லாத்தையும் வெட்டி எடுத்துடலாம்மா."

செங்கமலம் கட்டரை வாங்கி வைத்துக்கொண்டாள். வெள்ளை டேப் சுருளையும் ஒரு பேனாவையும் கொடுத்தாள்.

"எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது. ரெண்டு முனையிலயும் எழுதி ஒட்டுங்க. அப்பறம் வெட்டலாமுங்க."

அவர் ஒரு பழுப்பு வயரைப் பிடித்தார். காலை ஒன்பது மணி.

அது முன் சீட்டுக்கு அடியில் போனது. பின் சீட்டைச் சுற்றியது. வால் வரைக்கும் போனது. அங்கே திரும்பி, வேறு பக்கமாக முன்னால் வந்தது. புறப்பட்ட இடத்துக்கு ஒரு விரல் தள்ளி நின்றுவிட்டது.

மணி ஒன்று.

"இது எங்கயும் போகலம்மா."

"போகலைங்களா?"

"ரெண்டு முனையும் சும்மா தொங்குது. நாலு மணி நேரம் வீண்."

அவள் கட்டரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப வெட்டுங்க."

*

வெளியே வந்த ஒவ்வொன்றும் தராசில் ஏறியது. கொப்பரை மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. பக்கத்துக் களத்தில் இரவல் வாங்கியிருந்தாள். விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே, தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தாள்.

தில்லைநாயகம் ஒரு பெட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார்.

"இதைப் பாருங்கம்மா. வால்வு ரேடியோ. என்ன அழகான டிசைன் தெரியுமா? வெளியேருந்து வர்ற சிக்னல, உள்ளேயே உண்டாக்கின இன்னொரு சிக்னலோட கலந்து..."

"எத்தன கிலோங்க?"

"பதினொண்ணு. கலந்து, அதுலேருந்து வேண்டியதை மட்டும்..."

"கோட்டுலேருந்து எத்தன தூரத்துல இருந்துச்சு?"

தில்லைநாயகம் அளவு டேப்பைப் பிடித்து அளந்தார். எழுதினார். பேச்சை எந்த இடத்தில் விட்டோம் என்பது மறந்துபோயிற்று.

"எடையும் தூரமும் யார் வேணும்னாலும் எழுதலாமேம்மா. இதுக்கு நான் எதுக்கு?"

"யார் வேணும்னாலும் எழுதலாமுங்க," என்று அவள் ஒத்துக்கொண்டாள். "விட்டுப்போகாம எழுதணும். அவ்வளவுதான்."

அடுத்த பெட்டியைத் தூக்கப் போனார்.

*

செவ்வாய்க்கிழமை புது ரேடியோவை வாங்கிவர செங்கமலம் கோயமுத்தூர் புறப்பட்டாள்.

"மிச்சம் மீதியக் கழட்டி, எடை போட்டு, எழுதி, மூடி வைங்க சார். நான் பொழுதோட வந்துர்றேன்."

முதல்முறையாக அவர் தனியே விடப்பட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பின் சீட்டுக்கும் பின்னால், தவழ்ந்து போகிற தூரத்தில், ஒரு பச்சைப் பெட்டி கடைசியாக இருந்தது.

டார்ச் அடித்து நாலு பக்கமும் பார்த்தார். உள்ளே போகிற வயர் இல்லை. வெளியே வருகிற வயரும் இல்லை. பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். ஒன்றும் இல்லை.

எங்க ஆரம்பிக்குது? எங்கேயும் இல்லை. எங்க முடியுது? எங்கேயும் இல்லை.

ஒரு மாதிரி பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு. தேறிவிட்டோம் என்று நினைத்தார்.

நாலு போல்ட்டைக் கழற்ற ஒரு மணி நேரம். இழுத்து வெளியே போட இன்னொரு மணி நேரம். செம கனம். சட்டை முதுகில் கிழிந்தது.

எழுத உட்கார்ந்தார். தாளில் பெட்டியின் பெயர், வயர் எங்கிருந்து எங்கே போகிறது, எடை, தூரம் என்று வரிசையாகக் கட்டம் இருந்தது. இதற்கோ பெயர் இல்லை. எதோடும் சேரவில்லை. ஒரு வேலையும் செய்யாத பெட்டியை வேலை செய்த பெட்டிகளோடு சேர்த்து எழுத அவருக்கு மனசு வரவில்லை.

எழுதவில்லை. நிறுக்கவும் இல்லை.

மூலையில் தள்ளி, அதன் மேலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். பிறகு வால் பக்கத்து மூடியைத் துடைத்து, ஒரு ஸ்க்ரூ விடாமல் முடுக்கி வைத்தார்.

பொழுது சாய வந்த செங்கமலம் தாளைப் பார்த்தாள்.

"எல்லாம் எழுதிட்டீங்களா சார்?"

"எழுத வேண்டியது எல்லாம் எழுதிட்டேன்."

மூக்குப் பக்கமும் வால் பக்கமும் கனம் ஒத்துவருகிறதா என்று அவள் அதை வைத்துக் கணக்குப் போட்டாள். சரியாக வந்தது.

*

புதன்கிழமை காலை எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தது. முன் சீட்டில் கேப்டன் ஏறினார்.

முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு முழு வேகம்.

வால் தரையை விட்டு எழுந்தது. கோழி இரை பொறுக்கக் குனிகிற மாதிரி விமானத்தின் மூக்கு குனிந்தது.

செங்கமலம் ஓடினாள். வால் இறக்கையின் மேல் குப்புற விழுந்தாள். போதவில்லை.

"சார், வாங்க."

"இது ஏன் இப்படி ஆகுதுன்னா..." என்றார் தில்லைநாயகம், நின்ற இடத்திலிருந்தே.

"வந்து படுங்க சார்."

வந்து படுத்தார்.

வால் இறங்கியது. எஞ்சின் நின்றது. காற்றாடியின் நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அந்தக் காற்றாடி ஒடிந்திருந்தால் வேறு கிடையாது. விமானமும் கிடையாது.

கேப்டன் இறங்கினார். அந்த ஒரு சாணைப் பார்த்தார். வாலின் மேல் துணி காயப்போட்ட மாதிரி கிடந்த இருவரையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் எந்திரிக்கலாம்," என்றார்.

செங்கமலம் எழுந்து நேராக வால் பக்கத்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள்.

"இங்க ஒண்ணு இருந்துச்சுங்களே சார்."

"அது எதோடயும் சேரலம்மா. ஒரு வயர் கெடையாது. ஒரு வேலையும் செய்யல."

"எங்க அது?"

காட்டினார். பெட்டியின் மேல் ஊறுகாய் எண்ணெய் ஒரு சொட்டு இருந்தது.

அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே ரேடியோ இல்லை. அச்சுவெல்லம் அடுக்கின மாதிரி ஈயக் கட்டிகள் இருந்தன. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மெக்கானிக் ரேடியோவை எடுத்துவிட்டு, அது இருந்த கனத்தை மட்டும் அங்கேயே விட்டிருக்கிறான். மூடியின் உள்பக்கம் பென்சிலில் 32 என்று எழுதியிருந்தது. வேறொன்றும் எழுதவில்லை.

தராசில் ஏற்றினார்கள். முப்பத்திரண்டு.

தில்லைநாயகம் தரையைப் பார்த்தார்.

"எழுதாதது உங்க தப்புங்க. வால் மூடியத் தொறந்து பாக்காதது என் தப்பு," என்றாள் செங்கமலம். "வாங்க, சாப்புட்டுட்டு ஆரம்பிக்கலாம்."

அவர் டிபன் கேரியரைத் திறக்கவே இல்லை.

*

பெட்டியைத் திரும்ப மாட்ட முடியவில்லை. அதைத் தாங்கிய தகடு துருப்பிடித்து, போல்ட் ஓட்டை எல்லாம் விரிசல் விட்டிருந்தது. புதுத் தகடு வர ஒரு மாசம் ஆகும். அதுவரை பின்பக்கத்துக்கு வேறு ஏதாவது கனம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு வரி சேர்த்தார்: பின் சீட்டு காலியாகப் பறக்கக் கூடாது.

அவர் போனதும் செங்கமலம் கூப்பிட்டாள்.

"தராசுல ஏறுங்க சார்."

"செருப்போடவா?"

"பறக்கையில செருப்பு போட்டுக்குவீங்கதானே?"

தில்லைநாயகம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏறினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு விடுங்க சார். அது ஒண்ணும் கொறையாது."

எழுபத்தொன்று. எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"எழுபத்தொண்ணா?" என்றாள் மனைவி. "நாளைலேருந்து ராத்திரிக்கு ரெண்டு இட்லிதான்."

*

சனிக்கிழமை காலை கறுப்புக் கண்ணாடியோடு வந்தார்.

பின் சீட்டில் ஏற்கெனவே ஆள் இருந்தது. ஒரு மணல் மூட்டை. நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. மேலே சாக்பீஸில் எழுதியிருந்தது: தில்லைநாயகம் சார், 71.

"இது யாரும்மா?"

"நீங்கதானுங்க."

"அப்ப நான்?"

"மொதப் பறப்புங்க. ஆளு ஏத்தக் கூடாது."

விமானம் ஓடியது. எழுந்தது. தில்லைநாயகம் தன் பெயர் தென்னைமர உயரம் போய், அதற்கும் மேலே போய், வெயிலில் சின்னப் புள்ளியாவதைக் கீழே நின்று பார்த்தார். ஒரு மூட்டையைப் பார்த்து இப்படி வயிறு எரியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

இருபது நிமிஷம் கழித்து இறங்கியது. வால் தன் இடத்தில் இருந்தது.

கேப்டன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பின்னாடி எப்படீங்க?" என்று கேட்டாள் செங்கமலம்.

"தங்கமான ஆளு. ஒரு பட்டனத் தொடல. அதப் பத்தி எனக்குத் தெரியும்னு ஆரம்பிக்கல. என்கூடப் பறந்தவங்கள்ல இப்படி ஒருத்தர நான் பாத்ததில்ல."

செங்கமலம் பெல்ட்டை அவிழ்த்தாள்.

"ஒரு கை குடுங்க சார்."

இருவரும் மூட்டையை இறக்கி நிழலில் சாய்த்து வைத்தார்கள். தில்லைநாயகம் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு பக்கம் சரிந்திருந்ததை நேராக்கி வைத்தார்.

"ஏறுங்க," என்றாள் அவள்.

"நானா? புதன்கிழமை அவ்வளவு பண்ணதுக்கு அப்பறமுமா?"

"காலியாப் பறக்கக் கூடாதுங்களே."

ஏறினார். அவள் பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டாள். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். முன்னால் எஞ்சின் உறுமியது.

காதுக்குள் புது ரேடியோ கரகரத்து, தெளிந்தது. கேப்டனின் குரல்.

"பின் சீட்டுல யாருங்க? சொல்லுங்க, கேக்குதான்னு பாப்போம்."

தில்லைநாயகம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். முனைவர், ஓய்வுபெற்ற துறைத்தலைவர், நாலு பதிப்பு எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றன.

"எழுபத்தொரு கிலோங்க," என்றார்.