ஊற்றை அடைத்த மண்டபம்

இங்கிலாந்தில் ஒரு மலையடிவாரத்தில் ஓர் ஊற்று இருந்தது. அதன் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியின் வாடை அடிக்கும். குடித்தவர் முகம் கோணிப்போகும். ஆனாலும் வயிற்றுக்கோளாறு தீர்ந்தது என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். போதாதா? சாரட்டு வண்டிகள் வரிசைகட்டி வர ஆரம்பித்தன.

ஹெஸ்டர் என்ற பெண் ஊற்றருகே உட்கார்ந்து தண்ணீர் மொண்டு கொடுப்பாள். பிரபுவே வந்தாலும் அவள் கையால்தான் வாங்கிக் குடிக்க வேண்டும், அந்த ஊர் வழக்கம் அப்படி. ஊற்றுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கட்டும் என்று ஊற்றின் மேலேயே ஒரு மண்டபம் கட்டினார்கள். பளிங்குத் தூண், சரவிளக்கு, தினமும் வாத்தியக் கச்சேரி. கேட்கணுமா! மண்டபத்துக்குத் தலைகால் புரியவில்லை.

“உன் ஈரம் என் சுவரெல்லாம் ஏறுது, சுண்ணாம்பு உதிருது. வர்றவங்க என் அழகைப் பார்க்கத்தானே வர்றாங்க?” என்றது மண்டபம்.

“அப்படியே இருக்கட்டுங்க. நான் ஓரமா ஓடிட்டுப் போறேன்” என்றது ஊற்று.

“ஓரமும் வேண்டாம். உன் வாயையே அடைக்கச் சொல்றேன் பார்.”

ஊற்றுக்குப் பகீரென்றது. வாயை அடைத்தால் அப்புறம் உயிர் ஏது?

ஊர்ப் பெரியவர்களும் உதிர்ந்த சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். “ஐயா, இது இல்லேன்னா இந்த ஊரே இல்லீங்களே!” என்று ஹெஸ்டர் மன்றாடினாள். யார் கேட்டார்கள்? ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி ஊற்றை அடைத்தார்கள். சுவரில் குழாய் வைத்து ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள்.

ஹெஸ்டர் அதில் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு அழுதபடி வெளியேறினாள். அவளுக்குப் பின்னாலேயே கூட்டமும் கரைந்தது.

மண்ணுக்கடியில் ஊற்று முட்டியது, மோதியது, அலுத்துப்போய்ப் படுத்தது. ஹெஸ்டரின் கையை நினைத்துக்கொண்டு மறுபடி முட்டியது.

ஒருநாள் காலை, கீழே ஆடு மேயும் புல்வெளியில் கற்கள் துருவேறியதுபோல் சிவந்து, நடுவே தண்ணீர் கசிவதை ஹெஸ்டர் பார்த்தாள். குனிந்து அள்ளிக் குடித்தாள். முகம் கோணிப்போயிற்று.

“அட, நீயா! உசிரோடதான் இருக்கியா!” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி பரவி, வண்டிகள் புல்வெளிக்கு வந்தன. மேலேயிருந்து மண்டபம் கெஞ்சியது: “தெரியாமச் சொல்லிட்டேன். திரும்பி வந்துடேன்!”

“கோபமெல்லாம் இல்லீங்க. எனக்குத்தான் இங்கே வழி கிடைச்சிடுச்சே” என்றது ஊற்று.

மண்டபத்துக்கும் ஆள் வராமல் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் கோப்பையும் கையுமாக ஓடிவந்து தூணோரம் நிற்பார்கள். தூணை யாரும் பார்ப்பதில்லை. எப்போது விடும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.